வீடு மாறும் கடிதங்கள்



ஒரு காலத்தில் ஜமாஅத் அலுவலகங்களுக்குள் நுழைந்தால், மேசையருகே நீண்ட கம்பியொன்றில் குத்திக் கோக்கப்பட்ட கடிதங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். அலமாரியைத் திறந்தால் ஆண்டு வாரியாகக் கட்டிவைத்த கோப்புகள் இருக்கும். இன்று அந்தக் கம்பியும் அலமாரியும் கணினிக்குள் குடியேறிவிட்டன. சிற்றூர் மதரஸாவுக்கும்கூடத் தனக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கின்றது.

அந்த அஞ்சல் பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்! ஜகாத் நிதி கோரித் தம் வறுமையை வெட்கத்தோடு விவரித்த ஒரு குடும்பத் தலைவரின் மடல் இருக்கும். கணவன் மனைவி பிணக்கை ஜமாஅத்தின் முன்வைத்து ஒரு சகோதரி எழுதிய முறையீடு இருக்கும். அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டவரின் மருத்துவச் சான்றுகள் இருக்கும். வக்ஃபு நிலத்தின் பத்திர நகலும், வருமான வரித் துறையின் அறிவிப்பும் அங்கேதான் இருக்கும். இவையனைத்தும் பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதங்கள் ஆகும்.

இந்த அமானிதங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்ல வேண்டிய நேரம் எல்லா அலுவலகங்களுக்கும் ஒரு நாள் வந்தே தீரும். சர்வர் எனப்படும் தலைமைக் கணினியில்தான் நம் அஞ்சல் பெட்டிகள் உள்ளன. ஒரு சர்வரை விட்டு மற்றொரு சர்வருக்கு அவற்றை மாற்றுவது எப்படி, அதில் மார்க்கம் நமக்குக் கற்பிக்கும் ஒழுங்கு என்ன என்பதை இம்மாதம் பார்ப்போம். தொழில்நுட்பம் தெரிந்தவரின் வேலை இது என்று நிர்வாகிகள் ஒதுங்கிக்கொள்ளலாகாது. பெட்டியைச் சுமப்பவர் அவர். பெட்டிக்குப் பொறுப்பாளர் நாம்.

*மாறுவது ஏன்?*

இருந்த இடத்திலேயே இருந்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். இருக்க விடமாட்டார்கள் என்பதே விடை. கூகுள் நிறுவனம் அலுவலகங்களுக்கு முன்பு இலவசமாக வழங்கிவந்த அஞ்சல் சேவையை நிறுத்தப்போவதாக 2022 ஜனவரியில் அறிவித்தது. பின்னர், வணிக நோக்கமற்ற சொந்தப் பயன்பாட்டினருக்கு மட்டும் விலக்கு அளித்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் 2016, எக்ஸ்சேஞ்ச் 2019 ஆகிய அஞ்சல் மென்பொருள்களுக்கான ஆதரவுக் காலம் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தம் வராத மென்பொருளில் கடிதங்களை வைத்திருப்பது, பூட்டு உடைந்த பெட்டியில் பணத்தை வைத்திருப்பதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டு அரசாங்கமே அண்மையில் இப்படி வீடு மாறியிருக்கின்றது. தேசியத் தகவலியல் மையம் நடத்திவந்த அஞ்சல் அமைப்பிலிருந்து, அரசு ஊழியர்கள் சுமார் 12 இலட்சம் பேருடைய மின்னஞ்சல்கள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் அமைப்புக்கு மாற்றப்பட்டதை 2025இல் நாளிதழ்களில் படித்தோம். அத்தனை பேரின் கடிதங்கள் இடம் மாறியபோதும், என்.ஐ.சி., அரசு ஆகியவற்றைக் குறிக்கும் முகவரிப் பெயர்கள் மாறவில்லை. கவனிக்க வேண்டிய நுட்பம் இதுவே. கடிதம் தங்கும் வீடு வேறு. கடிதத்தின் மேல் எழுதும் முகவரி வேறு. வீடு மாறலாம், முகவரி மாறத் தேவையில்லை.

*முகவரி யாருடையது?*

முகவரியில் உள்ள பெயர் நம் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கின்றதா என்பதே முதற்கேள்வி. நானறிந்த ஒரு கல்வி அறக்கட்டளையில் நடந்ததைச் சொல்கிறேன். இணையதளம் அமைத்துக்கொடுத்த இளைஞர், முகவரிப் பெயரைத் தம் சொந்தக் கணக்கிலேயே பதிவு செய்திருந்தார். அவரிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. வளைகுடா நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்குமாறு வந்த அறிவிப்புகள் அவருடைய பழைய பெட்டிக்கே சென்றன. ஒரு நாள் அந்த அறக்கட்டளைக்குக் கடிதம் வருவது நின்றுபோயிற்று. அவரைத் தேடிப் பிடித்துப் பெயரை மீட்பதற்குள் நிர்வாகிகள் பட்ட பாடு கொஞ்சமன்று.

காலாவதியான பெயரைக் குறிப்பிட்ட காலத்திற்குப் பின் எவரும் விலைக்கு வாங்கலாம். வாங்கியவர், அந்த முகவரிக்கு வரும் புதிய கடிதங்களையெல்லாம் தாமே பெற்றுக்கொள்ளலாம். வங்கியின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அவரிடமே போய்ச் சேரும். எவ்வளவு பெரிய ஆபத்து!

மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், கஅபாவின் சாவி அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருக்கரத்தில் இருந்தது. அதை அவர்கள் வழிவழியாகப் பொறுப்பு வகித்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை அவற்றிற்குரியவர்களிடம் ஒப்படைக்குமாறு கட்டளையிடும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்திற்கு விளக்கம் எழுதும்போது, விரிவுரையாளர்கள் பலர் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனர். அந்தக் குடும்பத்தாரிடமே இன்றளவும் அச்சாவி இருந்துவருகின்றது. சாவி உரியவரிடம் இருக்க வேண்டும் என்பதே பாடம். எனவே சர்வரை மாற்றத் தொடங்குமுன், முகவரிப் பெயரை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடவுச்சொற்களை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பொறுப்பாளர் இருவர் அறிய வைத்திருங்கள்.

*கடிதம் வழி கண்டுபிடிப்பது எங்ஙனம்?*

ஒருவர் நமக்கு மின்னஞ்சல் அனுப்பியதும், அவருடைய அஞ்சல் கணினி உலகப் பொதுவான ஒரு பெயரேட்டைப் பார்க்கின்றது. டி.என்.எஸ். எனப்படும் இந்த ஏட்டின் அமைப்பை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்தளித்தார். அந்த ஏட்டில் எம்.எக்ஸ். என்றொரு வரி உண்டு. இன்ன பெயருக்கு வரும் கடிதங்களை இன்ன கணினியில் சேர்க்கவும் என்பதே அவ்வரியின் பொருள். அந்த ஒரு வரியை மாற்றி எழுதிவிட்டால் கடிதங்கள் புதிய வீட்டிற்கு வரத் தொடங்கும்.

ஆயினும் எழுதிய கணமே உலகம் முழுவதற்கும் அது தெரிந்துவிடாது. ஒருமுறை ஏட்டைப் பார்த்த கணினி, அந்த விடையைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதும் அவ்வரியிலேயே வினாடிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். 86,400 என்றிருந்தால் ஒரு முழு நாள்; 3,600 என்றிருந்தால் ஒரு மணி நேரம். மாற்றத்திற்கு இரண்டு நாள் முன்னதாகவே இந்த எண்ணை 300 ஆக, அதாவது ஐந்து நிமிடமாகக் குறைத்துவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். அப்படிச் செய்தால் புதிய முகவரி விரைவில் எங்கும் பரவும். பணி முடிந்து எல்லாம் சீரானதும் பழைய அளவுக்கே உயர்த்திவிடலாம்.

இவ்விடத்தில் ஓர் அரிய செய்தியைச் சொல்ல வேண்டும். கடிதம் கொண்டுவரும் கணினி தட்டும்போது நம் சர்வர் பதிலே சொல்லாமல் இருந்தால், கடிதம் உடனே தொலைந்துவிடாது. அனுப்பிய கணினி அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் வந்து தட்டும். குறைந்தது நான்கைந்து நாள்கள் முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்று மின்னஞ்சல் விதிமுறை கூறுகின்றது. ஆனால், "இப்பெயரில் இங்கே எவருமில்லை" என்று நம் சர்வர் பதில் சொல்லிவிட்டால், அக்கணமே கடிதம் திருப்பி அனுப்பப்படும். மௌனத்தால் தாமதம் மட்டுமே நேரும். தவறான பதிலால் கடிதமே திரும்பிப் போகும். ஆகவே புதிய சர்வரில் ஒவ்வொருவருக்கும் பெட்டியைத் திறந்துவைத்த பின்னரே எம்.எக்ஸ். வரியைத் தொட வேண்டும். முதல்வர், கணக்கர், மாணவர் சேர்க்கை, பைத்துல்மால் என்று இருக்கும் பெட்டிகளோடு, ஒரே பெட்டிக்கு வரும் மாற்றுப் பெயர்களையும் பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். விடுபடுவது பெரும்பாலும் அந்த மாற்றுப் பெயர்களே.

*பழைய கடிதங்களின் பயணம்*

இனி வரும் கடிதங்களுக்கு வழி அமைத்துவிட்டோம். முன்பு வந்து சேர்ந்த கடிதங்களை என்ன செய்வது? அவற்றை ஒவ்வொரு பெட்டியாகப் படியெடுத்துப் புதிய சர்வரில் வைக்க வேண்டும். ஐமேப் என்னும் முறை இதற்குக் கைகொடுக்கின்றது. 1986இல் மார்க் கிறிஸ்பின் உருவாக்கிய முறை இது. இதன்படி கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும். நாம் எந்தக் கணினியிலிருந்தும் அவற்றைப் பார்க்கலாம். இரு சர்வர்களையும் ஒரே நேரத்தில் திறந்து, கோப்புறை கோப்புறையாக நகலெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன.

பாப் என்னும் மற்றொரு முறையில் கதை வேறு. அது கடிதத்தை மேசைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு, பெரும்பாலும் சர்வரிலிருந்து நீக்கிவிடும். எங்கள் மதரஸா அலுவலகம் சென்ற ஆண்டு சர்வர் மாறியபோது, கணக்கரின் பெட்டி ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. பணியைச் செய்ய வந்த இளைஞர் அவருடைய மேசைக் கணினியைத் திறந்து பார்த்தார். ஆறு ஆண்டுக் கடிதங்கள் அந்த ஒரே கணினியில் இருந்தன. நன்கொடை ரசீதுகளும் தணிக்கையாளரின் மடல்களும் வேறெங்கும் இல்லை. அந்தக் கணினி ஒரு மழைக்கால மின்னலில் கருகியிருந்தால், ஆறு ஆண்டுக் கணக்கும் கூடவே போயிருக்கும்.

நகலெடுத்த பின் எண்ணிப் பார்த்தல் கட்டாயம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கின்றது. திருமறையின் மிக நீண்ட வசனம் அதுவே. அமானிதக் கணக்கில் வாய்மொழி போதாது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? பழைய பெட்டியில் ஒவ்வொரு கோப்புறையிலும் எத்தனை கடிதங்கள், புதியதில் எத்தனை என்று ஒரு தாளில் இரு வரிசையாக எழுதி, இருவர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஜிமெயிலிலிருந்து மாறுவோர்க்கு எண்ணிக்கை ஒத்துவராமல் போகலாம். அங்கே ஒரே கடிதத்திற்கு இரண்டு அடையாளச் சீட்டுகள் இருந்தால், அது இரண்டு கோப்புறைகளிலும் எண்ணப்படும். காரணம் தெரிந்த வேறுபாட்டை ஏற்கலாம். காரணம் தெரியாத வேறுபாட்டை விட்டுவிடலாகாது.

ஐமேப் முறையில் கடிதங்கள் மட்டுமே இடம்பெயரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முகவரிப் புத்தகம், நாட்காட்டிக் குறிப்புகள், ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே அனுப்பும் ஏற்பாடுகள் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்துச் செல்ல வேண்டும். மின்னஞ்சல் அனுப்பும் நகலெடுப்பு இயந்திரம் ஒன்று அலுவலக மூலையில் இருந்தால், அதற்குள்ளும் பழைய சர்வரின் பெயரே பதிந்திருக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, மாற்றத்தைத் தொடங்குமுன் முழு நகல் ஒன்றைத் தனி வட்டில் எடுத்துப் பூட்டி வையுங்கள்.

*முத்திரை*

நம்மிடமிருந்து புறப்படும் கடிதங்களுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். முத்திரையில்லாத மடல்களை மன்னர்கள் ஏற்பதில்லை என்று சொல்லப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் வெள்ளியில் மோதிர முத்திரை செய்துகொண்டார்கள். பிற்காலத்தில் முஆவியா (ரலி) அவர்கள் ஓர் இலட்சம் திர்ஹம் கொடுக்குமாறு எழுதிய மடல், வழியில் இரண்டு இலட்சமாகத் திருத்தப்பட்டது. அதன் பின்னரே மடல்களுக்கு முத்திரையிட அவர்கள் தனி அலுவலகம் அமைத்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

மின்னஞ்சலுக்கும் இன்று இத்தகைய முத்திரைகள் உண்டு. நம் பெயரில் கடிதம் அனுப்பும் உரிமை எந்தெந்தக் கணினிகளுக்கு உண்டு என்று பெயரேட்டில் எழுதிவைப்பது எஸ்.பி.எஃப். கடிதம் வழியில் திருத்தப்படவில்லை என்பதை மெய்ப்பிக்கும் மறைகுறி முத்திரை டி.கே.ஐ.எம். இவை பொருந்தாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்கு அறிவிப்பது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இவற்றை வற்புறுத்துகின்றன. ஜிமெயில் பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர்க்கு மூன்றும் தேவை. மற்றவர்களுக்கு முதலிரண்டில் ஒன்றேனும் வேண்டும்.

சர்வரை மாற்றிவிட்டு இவ்வரிகளை மாற்ற மறந்தால், நாம் அனுப்பும் மடல்கள் குப்பைப் பெட்டியில் விழும். ரமளானில் நன்கொடையாளர்களுக்கு எழுதிய வேண்டுகோளுக்கு ஏன் பதிலில்லை என்று நாம் மனம் வருந்திக்கொண்டிருப்போம். அவர்களோ அதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். எனவே ரமளானை ஒட்டியும், மாணவர் சேர்க்கை நடைபெறும் ஷவ்வாலிலும் இப்பணியில் இறங்காதீர்கள்.

*அவசரத்தின் விலை*

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி தன் கணக்குகளையெல்லாம் ஒரு வார இறுதியில் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. மாற்றம் முடிந்ததும் சுமார் 19 இலட்சம் வாடிக்கையாளர்கள் தம் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தனர். முன் ஏற்பாடுகளில் இருந்த குறைகளுக்காக 2022 டிசம்பரில் அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சம் பவுனுக்கும் மேல் அபராதம் விதித்தன. செல்வமும் ஆள்பலமும் உள்ள இடத்திலேயே இப்படியென்றால், நம் சிறு அலுவலகங்கள் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும்!

*பழைய வீட்டில் ஒருவர்*

இப்பணியின் உயிரான பகுதிக்கு இப்போது வருகின்றேன். ஹிஜ்ரத்தின் இரவை நினைத்துப் பாருங்கள். அண்ணலாரை ஏற்க மறுத்த மக்கத்துக் குறைஷிகளே தம் பொருள்களை அவர்களிடம்தான் அடைக்கலமாக வைத்திருந்தார்கள். கொல்லத் துணிந்தவர்கள் வாசலில் நிற்கின்றனர். அந்நிலையிலும் அப்பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுவிட்டே நபி (ஸல்) அவர்கள் மதீனா நோக்கிப் புறப்பட்டார்கள். அலீ (ரலி) அவர்கள் மூன்று நாள்கள் தங்கி, ஒவ்வோர் அமானிதத்தையும் திருப்பிக் கொடுத்து, பின்னரே குபாவில் அண்ணலாரோடு சேர்ந்தார்கள். உயிரற்ற இயந்திரத்தை அந்த மேன்மைக்குரியவரோடு ஒப்பிடுவதாக எவரும் எண்ண வேண்டா. இடம்பெயர்பவர் பின்னால் விட்டுச் செல்வதற்கும் பொறுப்பாளர் என்ற ஒழுங்கையே நான் சுட்டுகின்றேன்.

புதிய சர்வருக்குப் போனவுடன் பழையதை மூடிவிடுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. ஒரு மாதச் சந்தாவை மிச்சப்படுத்தும் ஆவல்தான் காரணம். எங்கள் மதரஸாவில் பழைய சர்வரை ஒரு மாதம் திறந்துவைப்பதென்றும், பழைய பெட்டிகளை நாள்தோறும் ஒருவர் பார்ப்பதென்றும் முடிவு செய்தார்கள். ஆறாம் நாள் பைத்துல்மால் பெட்டியில் ஏழு புதிய விண்ணப்பங்கள் இருந்தன. உலகத்திலிருந்து வரும் கடிதங்களெல்லாம் புதிய வீட்டிற்கு ஒழுங்காக வந்துகொண்டிருக்க, இவை மட்டும் எப்படிப் பழைய வீட்டில் விழுந்தன? இணையதளம் இன்னமும் பழைய சர்வரிலேயே இருந்தது. அதிலுள்ள உதவி விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவர்களின் மனுக்களை அந்தக் கணினி வெளியே அனுப்பவில்லை. "இப்பெயருக்குரிய பெட்டி என்னிடமே இருக்கின்றதே" என்று தன் பழைய பெட்டியிலேயே போட்டுவந்தது.

அந்த ஏழில் ஒன்று, கணவரை இழந்த ஒரு தாயார் தம் மகனின் கல்லூரிக் கட்டணத்திற்காக அனுப்பியது. கட்டணம் செலுத்த நான்கு நாள்களே எஞ்சியிருந்தன. அல்ஹம்துலில்லாஹ், பைத்துல்மால் அன்றே அதைப் பரிசீலித்துத் தொகையைச் செலுத்திவிட்டது. பழைய சர்வர் முதல்நாளே மூடப்பட்டிருந்தால், "கேட்டேன், தரவில்லை" என்று அந்தத் தாயார் எண்ணியிருப்பார். நமக்கோ அவர் கேட்டதே தெரிந்திருக்காது. மறுமையில் அதற்கு என்ன விடை சொல்வோம்?

*திறந்து படிக்கும் உரிமை*

பெட்டிகளை மாற்றித் தருபவர் கையில் எல்லாச் சாவிகளும் இருக்கும். நினைத்தால் எக்கடிதத்தையும் அவர் திறந்து படிக்கலாம். பிறர் வீட்டில் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைவதை அந்நூர் அத்தியாயமும், பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயமும் தடுக்கின்றன. ஒரு சகோதரியின் குடும்ப வேதனை அடங்கிய மடலும் அவளுடைய வீட்டைப் போன்றதே. ஆகவே நம்பிக்கைக்குரியவரைத் தேர்ந்தெடுங்கள்; எதையும் படிப்பதில்லை, எந்த நகலையும் வைத்துக்கொள்வதில்லை என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள்; பணி முடிந்ததும் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிவிடுங்கள். தனிநபர் தகவல்களைக் காப்பதற்கு நம் நாட்டில் 2023இல் சட்டமே இயற்றப்பட்டிருக்கின்றது. சட்டம் சொல்வதற்கு முன்பே நமக்கு மார்க்கம் சொல்லியிருக்கின்றது.

ஒரு மாதம் கழிந்து, பழைய பெட்டியில் புதிதாக ஏதும் வரவில்லை என்பது உறுதியான பின், அங்குள்ள கடிதங்களை அடியோடு அழித்துவிட்டு மூடுங்கள். அமானிதங்களை ஒப்படைத்த பின் அலீ (ரலி) அவர்களும் மக்காவில் தங்கிவிடவில்லை. கேட்பாரற்ற வீட்டில் பிறருடைய இரகசியங்களை விட்டுவைப்பது, தொலைப்பதற்குச் சற்றும் குறைந்த குற்றமன்று.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இரண்டே இரண்டு வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். நம் முகவரிப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கின்றது? நம் கடிதங்களின் முழு நகல் வேறெங்கு இருக்கின்றது? விடை உடனே வராவிட்டால், வேலை அன்றே தொடங்கட்டும்.

நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணிக் காத்து உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.